ஸ்பானிய மொழியின் தற்சுட்டு வினைகளும் ‘சே’ என்னும் சொல்லின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

ஸ்பானிய மொழியில் ‘சே’ என்னும் ஓரசைச் சொல் தற்சுட்டு, பரிமாற்றம், செயப்பாடு, பொது எழுவாய், நிலைமாற்றம் எனப் பல பொருள்களில் வழங்குகிறது. இவற்றையெல்லாம் ‘தற்சுட்டு வினை’ என்னும் ஒரே பெயரால் குறிப்பது நெடுங்கால வழக்கம். இலத்தீன் காலம் முதல் இன்றுவரை இச்சொல் அடைந்த வளர்ச்சியை இக்கட்டுரை நிரல்படுத்துகிறது. பெயருக்கு மாற்றாக நின்ற சொல் படிப்படியாக வினையின் குறியாக மாறிய வரலாறே இன்றைய பொருள்விரிவுக்குக் காரணம் என நிறுவுகிறது. தமிழில் ‘கொள்’ என்னும் துணைவினையோடு ஒப்பிட்டு, இவ்வினைகளைக் குறிக்கத் தமிழில் எத்தகைய கலைச்சொல் பொருந்தும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தற்சுட்டுப் பெயர், ஸ்பானிய இலக்கணம், இலத்தீன், செயப்பாட்டுவினை, நெப்ரிஹா, பெயோ, கொள் துணைவினை

முன்னுரை

ஸ்பானிய மொழியைக் கற்பிக்கும் நூல்கள் தற்சுட்டு வினையை விளக்கப் பெரும்பாலும் ‘லவார்சே’ என்னும் வினையையே முதலில் காட்டும். ‘லவார்’ என்றால் கழுவுதல். ‘லவார்சே’ என்றால் தன்னைக் கழுவிக்கொள்ளுதல். ‘மே லாவோ’ (நான் கழுவிக்கொள்கிறேன்), ‘தே லாவாஸ்’ (நீ கழுவிக்கொள்கிறாய்), ‘சே லாவா’ (அவன் கழுவிக்கொள்கிறான்) என்று வாய்பாடு விரியும். செய்பவனும் செயலுக்கு ஆட்படுபவனும் ஒருவனே என்பது இதன் விளக்கம். இவ்விளக்கம் எளியது, இந்த வினைக்குப் பொருத்தமானதும்கூட.

இடர்ப்பாடு அடுத்த பாடத்திலேயே தொடங்குகிறது. ‘லா புவெர்த்தா சே அப்ரியோ’ என்பதன் பொருள் ‘கதவு திறந்தது’ என்பதாகும். கதவு தன்னைத்தானே திறந்துகொண்டது என்று எவரும் கருதுவதில்லை. கடைவாயிலில் ‘சே வெந்தே’ என்று எழுதியிருந்தால் ‘விற்கப்படும்’ என்பது பொருள். ‘அக்கீ சே கோமே பியென்’ என்றால் ‘இங்கு நன்றாக உண்ணலாம்’ என்பது பொருள். அங்கு உண்பவர் யார் என்பதே சொல்லப்படவில்லை. ‘அர்ரெபெந்தீர்சே’ (மனம் வருந்துதல்), ‘கெஹார்சே’ (முறையிடுதல்) போன்ற வினைகள் ‘சே’ இல்லாமல் வழங்குவதே இல்லை. இவற்றுள் எதிலும் செயல் செய்தவனிடமே திரும்பி வருவதில்லை. இருந்தும் வடிவம் ஒன்றே.

இவ்வேறுபாடுகளை வெறும் விதிவிலக்குகளாக மனப்பாடம் செய்வதைவிட அவை தோன்றிய வரிசையை அறிவதே தெளிவு தரும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஸ்பானிய, இலத்தீன் சொற்கள் கூடியவரை ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

1. இலத்தீன் மூலம்

ஸ்பானியச் ‘சே’ இலத்தீன் தற்சுட்டுப் பெயரின் நேர் வழித்தோன்றல். இலத்தீனில் இப்பெயருக்கு எழுவாய் வடிவம் இல்லை. இரண்டாம் வேற்றுமையில் ‘சே’, நான்காம் வேற்றுமையில் ‘சிபி’, ஆறாம் வேற்றுமையில் ‘சுயி’ என்ற வடிவங்களே வழங்கின. ஒருமை, பன்மை வேறுபாடும் பால் வேறுபாடும் இதற்கில்லை. ஒரு வாக்கியத்தின் எழுவாயையே திரும்பச் சுட்டுவதால், எண்ணும் பாலும் அவ்வெழுவாயிலிருந்தே விளங்கிவிடும் என்பதே இதன் அடிப்படை.

இம்மூன்று வடிவங்களும் ஸ்பானியத்தில் வெவ்வேறு வகையில் எஞ்சியுள்ளன. ‘சே’ வினையோடு ஒட்டி நிற்கும் மெலிந்த வடிவமாயிற்று. ‘சிபி’ தேய்ந்து ‘சீ’ ஆகி, ‘பாரா சீ’ (தனக்காக) என்பதுபோல் முன்னிடைச்சொற்களுக்குப் பின் நிற்கிறது. ‘சுயி’ தனிச்சொல்லாக மறைந்தாலும் ‘சுயிசீதியோ’ (தற்கொலை) என்னும் கற்றோர் வழக்குச் சொல்லில் முதற்பகுதியாக உறைகிறது. ‘சுயிசிதார்சே’ என்னும் வினையில் ‘தன்’ என்னும் பொருள் முன்னே ‘சுயி’ ஆகவும் பின்னே ‘சே’ ஆகவும் இருமுறை வருவது கருதத்தக்கது. சொல்லின் உள்ளே உறைந்த தற்சுட்டை இன்றைய பேசுவோர் உணர்வதில்லை. ஆகவே வினைக்குரிய ‘சே’ மீண்டும் வேண்டப்படுகிறது.

இதனையொத்த மற்றொரு சான்று ‘கொன்சீகோ’ (தன்னோடு) என்னும் சொல். இலத்தீனில் ‘உடன்’ எனப் பொருள்படும் ‘கும்’ இப்பெயருக்குப் பின்னே ஒட்டி ‘சேகும்’ என நின்றது. அது மருவி இறுதியில் ‘கோ’ என்ற எச்சமாகச் சுருங்கியபோது அதன் பொருள் மறந்துபோயிற்று. எனவே அதே ‘கும்’ என்பதன் வழிவந்த ‘கொன்’ முன்னேயும் சேர்க்கப்பட்டது. வரலாற்று நோக்கில் இச்சொல் ‘உடன்-தன்-உடன்’ என்று பிரியும். பழைய உறுப்பின் பொருள் மங்குவதும் அதே பொருளைப் புதிய உறுப்பு ஏற்பதும் இவ்வரலாறு முழுவதும் தொடர்ந்து காணப்படுகின்றன.

2. செயப்பாட்டு வடிவத்தின் மறைவும் ‘சே’யின் விரிவும்

செவ்வியல் இலத்தீனில் வினையின் ஈற்றில் ரகரம் பெறும் ஒரு வடிவ வரிசை இருந்தது. ‘லாவோ’ என்பது ‘நான் கழுவுகிறேன்’. ‘லாவோர்’ என்பது ‘நான் கழுவப்படுகிறேன்’ என்றும் ‘நான் குளிக்கிறேன்’ என்றும் பொருள் தந்தது. இவ்வடிவம் செயப்பாட்டுக்கு மட்டுமன்றி, செயல் செய்பவனைச் சார்ந்தே நிகழும் நிலைக்கும் உரியதாயிருந்தது. பிறத்தல், இறத்தல் போன்ற பொருளுடைய வினைகள் சில எப்போதும் இந்த ரகர வடிவிலேயே வழங்கின.

பேச்சு இலத்தீனில் இந்த ரகர வடிவங்கள் முற்றிலும் வழக்கொழிந்தன. இலத்தீனிலிருந்து கிளைத்த எம்மொழியிலும் இவை உயிருள்ள வடிவங்களாக எஞ்சவில்லை. அவற்றின் பணியை இரண்டு அமைப்புகள் பங்கிட்டுக்கொண்டன. ஒன்று, ‘இரு’ எனப் பொருள்படும் துணைவினையோடு இறந்தகாலப் பெயரெச்சம் சேரும் அமைப்பு. மற்றொன்று, செய்வினையோடு தற்சுட்டுப் பெயர் சேரும் அமைப்பு.

இரண்டாவது அமைப்பின் தொடக்கம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டினரான மூத்த பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலில், மிரினா என்னும் நகர் வேறொரு பெயரால் ‘அழைக்கப்படுகிறது’ என்ற கருத்தை, அது தன்னை அவ்வாறு ‘அழைக்கிறது’ என்ற தற்சுட்டு அமைப்பில் கூறியிருப்பதை மொழி வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். நகர் பேசுவதில்லையாதலின் அங்குத் தற்சுட்டின் நேர்ப்பொருள் பொருந்தாது. எழுவாய் உயிரற்றதாக வரும் இத்தகைய இடங்களிலேயே தற்சுட்டு செயப்பாட்டை நோக்கி நகர்ந்தது எனலாம்.

நான்காம் நூற்றாண்டில் எருசலேம் முதலிய இடங்களுக்குச் சென்ற எகெரியா என்னும் பெண்மணி எழுதிய பயண நூல், 1884-இல் இத்தாலியின் அரெத்சோ நகரில் கண்டறியப்பட்டது. பேச்சு வழக்கின் சாயல் மிக்க அந்நூலில், ‘செல்’ என்னும் பொருளுடைய வினையோடும் ‘சே’ சேர்ந்து வருகிறது. செல்லுதல் செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்குத் தற்சுட்டு இலக்கண அளவில் தேவையற்றது. செய்பவன் அச்செயலில் கொண்ட ஈடுபாட்டையே அது குறித்தது. இன்றைய ஸ்பானியத்தில் ‘ஈர்’ (செல்லுதல்), ‘ஈர்சே’ (புறப்பட்டுப் போய்விடுதல்) என்னும் வேறுபாட்டுக்கு இத்தகைய வழக்குகளே முன்னோடிகள். ‘தோர்மீர்’ உறங்குதல், ‘தோர்மீர்சே’ உறக்கத்தில் ஆழ்தல். ‘கொமேர்’ உண்ணுதல், ‘கொமேர்சே’ ஒன்றை முழுவதும் உண்டுவிடுதல் என்பனவும் இவ்வகையின.

சில வினைகளில் பழைய தற்சுட்டுப் பொருளை வேர்ச்சொல் ஆய்வின் வழியே மட்டும் காண இயலும். ‘அத்ரெவேர்சே’ என்றால் துணிதல். இது ‘ஒன்றைத் தனக்கு உரியதாக ஏற்றிக்கொள்ளுதல்’ எனப் பொருள்பட்ட இலத்தீன் தொடரிலிருந்து வந்தது. ‘இதைச் செய்யும் ஆற்றல் எனக்குண்டு’ என்று தனக்குத் தானே ஏற்றிக்கூறுபவன் துணிகிறான். இன்று அப்பொருள் மறைந்து, ‘சே’ மட்டும் வினையின் பிரியா உறுப்பாக நிற்கிறது.

3. இருவேறு ‘சே’

ஸ்பானிய மொழியில் ‘சே’ என ஒலிக்கும் எல்லாம் ஒரே மூலத்தினவல்ல. ‘சே லோ தோய்’ (அதை அவனுக்குக் கொடுக்கிறேன்) என்னும் தொடரில் வரும் ‘சே’ தற்சுட்டன்று. ‘அவனுக்கு’ என்னும் நான்காம் வேற்றுமைப் பொருளது. வழக்கமாக அப்பொருளில் ‘லே’ என்பதே வரவேண்டும். ‘லே லோ’ என்னும் இரு லகரச் சேர்க்கை செவிக்கு இனிமையற்றது என்பதால் ‘லே’ ‘சே’ ஆயிற்று எனப் பாடநூல்கள் சில கூறும். வரலாறு இதனை ஏற்கவில்லை.

இலத்தீனில் ‘அவனுக்கு அதை’ என்பது ‘இல்லீ இல்லும்’. இவ்விரு சொற்களும் இணைந்து மருவிப் பழங்காஸ்தீலிய மொழியில் ‘ஜெலோ’ என்றாயின. 1207 எனக் காலம் குறிக்கப்பட்ட படியின் வழி வந்துள்ள ‘என் சித் காப்பிய’த்தில் இந்த ‘ஜெலோ’ வடிவமே காணப்படுகிறது. இடைக்காலத்தின் இறுதியில் காஸ்தீலியத்தின் குழிந்துரசும் ஒலிகள் பெருமாற்றத்துக்கு உட்பட்டபோது, ‘ஜெ’ என்னும் ஒலி தன்னை ஒத்து ஒலித்த தற்சுட்டுச் ‘சே’யோடு மயங்கிற்று. 16ஆம் நூற்றாண்டில் ‘சே லோ’ என்பது நிலைபெற்றது. எனவே இது லகரத்தைத் தவிர்க்கச் செய்யப்பட்ட மாற்றமன்று. ‘லே லோ’ என்ற நிலை காஸ்தீலிய வழக்கில் இதற்கு முற்படியாக அமையவில்லை. இரண்டு வேறு சொற்கள் ஒலியால் ஒன்றாயின என்பதே உண்மை. இன்றைய வடிவ ஒற்றுமையை மட்டும் கொண்டு இரண்டையும் ஒரே சொல்லாகக் கருதுவது பிழையாகும்.

4. இட மாற்றம்: சொல்லிலிருந்து ஒட்டாக

இடைக்காலக் காஸ்தீலியத்தில் ‘சே’ முதலிய மெலிந்த பெயர்கள் வாக்கியத்தின் தொடக்கத்தில் வருவதில்லை. வாக்கியம் வினையில் தொடங்கினால் ‘லெவந்தோசே’ (எழுந்தான்) என வினைக்குப் பின்னரே அவை வரும். வினைக்கு முன் வேறொரு சொல் இருப்பின் அதனைச் சார்ந்து முன்னே நிற்கும். அதாவது, அவற்றின் இடத்தை வாக்கிய அமைப்பு தீர்மானித்தது. இக்கால ஸ்பானியத்தில் வினையின் வடிவமே அதனைத் தீர்மானிக்கிறது. முற்றுவினைக்கு முன்னே ‘சே லெவந்தோ’ என்றும், அகராதி வடிவம், நிகழ்வு எச்சம், உடன்பாட்டு ஏவல் ஆகியவற்றின் பின்னே ‘லெவந்தார்சே’, ‘லெவந்தாந்தோசே’, ‘லெவாந்ததே’ என்றும் ஒட்டும். செர்வாந்தெஸ் காலத்திலும் வாக்கியத் தொடக்கத்தில் பின்னொட்டு நிலை இயல்பாக வழங்கியது. பின்னரே புதிய முறை முழுமையாக வேரூன்றியது.

இம்மாற்றத்தின் உட்பொருள், ‘சே’ வாக்கியத்தின் உறுப்பு என்னும் நிலையிலிருந்து வினையின் உறுப்பு என்னும் நிலைக்கு வந்தது என்பதே. இதற்குப் பேச்சு வழக்கிலும் ஒரு சான்று உண்டு. ‘அமருங்கள்’ என்பதற்குத் திருந்திய வடிவம் ‘சியேந்தென்சே’. ஆனால் ஸ்பெயினிலும் அமெரிக்க நாடுகளிலும் பொதுமக்கள் சிலர் ‘சியேந்தென்சென்’ அல்லது ‘சியேந்தெசென்’ என்பர். வினைக்குரிய பன்மை விகுதியாகிய னகரத்தைச் ‘சே’க்குப் பின்னே இடுகின்றனர். விகுதி சொல்லின் இறுதியில் வருவது இயல்பு. ‘சே’யைத் தனிச்சொல்லாகக் கருதாமல் வினையின் பகுதியாகக் கருதினால் மட்டுமே அதற்குப் பின் விகுதி வரக்கூடும். இலக்கணத்தார் வழுவெனக் கருதும் இவ்வழக்கு, மொழி செல்லும் திசையைக் காட்டுகிறது.

ஏவல் வடிவங்களில் வரலாற்றின் மற்றொரு தடமும் உண்டு. ‘லவாத்’ என்னும் முன்னிலைப் பன்மை ஏவல் ‘ஓஸ்’ சேரும்போது இறுதி மெய்யை இழந்து ‘லவாஓஸ்’ ஆகும். ‘ஈர்சே’யின் ஏவல் மட்டும் அம்மெய்யை இழக்காமல் ‘ஈதோஸ்’ என நிற்கிறது. ஸ்பெயினின் பேச்சு வழக்கில் பரவலாயிருந்த ‘ஈரோஸ்’ என்னும் வடிவத்தை அரச ஸ்பானியக் கழகம் 2017-இல் ஏற்றுக்கொண்டது.

5. செயப்பாட்டிலிருந்து பொது எழுவாய்க்கு

‘சே வெந்தென் காசாஸ்’ (வீடுகள் விற்கப்படும்) என்னும் தொடரில் வீடுகளே எழுவாய். ஆகவே வினையும் பன்மையில் உள்ளது. உயிரற்ற பொருள் எழுவாயாகும்வரை இவ்வமைப்பில் மயக்கம் இல்லை. மக்களைப் பற்றிக் கூறும்போதுதான் சிக்கல் எழுந்தது. ‘சே காஸ்தீகன் லோஸ் லத்ரோனெஸ்’ என்றால் கள்வர் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்கின்றனர், ஒருவரையொருவர் தண்டிக்கின்றனர், பிறரால் தண்டிக்கப்படுகின்றனர் என மூன்று பொருள்படும்.

இம்மயக்கத்தைத் தீர்க்க மொழி கண்ட வழி, உயர்திணைச் செயப்படுபொருளுக்கு உரிய ‘ஆ’ என்னும் முன்னிடைச்சொல்லைச் சேர்த்தது. ‘சே காஸ்தீகா ஆ லோஸ் லத்ரோனெஸ்’ என்றபோது கள்வர் எழுவாயாதல் நீங்கிச் செயப்படுபொருள் ஆயினர். வினை ஒருமைக்கு மாறியது. இடைக்காலத்தின் இறுதியிலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளிலும் இவ்வமைப்பு வளர்ந்தது. அதன் விளைவாக எழுவாயே இல்லாத ஒரு வாக்கியம் உருவாயிற்று. ‘யாரோ’ என்னும் பொதுப்பொருளைச் ‘சே’யே உணர்த்தத் தொடங்கியது. இதே பொருளில் முன்பு வழங்கிய ‘ஓம்னே’ (ஒருவன், மனிதன்) என்னும் பொதுப் பெயர் அக்காலத்திலேயே வழக்கிழந்தது என்பதும் இதனோடு சேர்த்துக் கருதத்தக்கது.

இவ்வளர்ச்சிக்கு ஓர் எல்லையும் உண்டு. ஏற்கெனவே ‘சே’ கொண்ட வினையோடு பொதுப்பொருள் ‘சே’ மீண்டும் சேராது. ‘பொதுவாக ஒருவர் எழுகிறார்’ என்பதைக் கூற ‘சே சே லெவாந்தா’ எனல் இயலாது. ‘ஊனோ சே லெவாந்தா’ என ‘ஒருவர்’ என்னும் சொல்லை வெளிப்படையாகக் கூறவேண்டும்.

6. இலக்கண ஆசிரியர் நோக்கு

1492-இல் வெளிவந்த அந்தோனியோ தே நெப்ரிஹாவின் காஸ்தீலிய இலக்கணமே இம்மொழிக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம். இலத்தீனைப்போல் காஸ்தீலியத்துக்குத் தனிச் செயப்பாட்டு வடிவம் இல்லை என்பதை உணர்ந்த நெப்ரிஹா, படர்க்கையில் அக்குறையைச் செய்வினையோடு ‘சே’ சேர்ந்து நிறைவு செய்கிறது என்று விளக்கினார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே செயப்பாட்டுச் ‘சே’ அடையாளம் காணப்பட்டது என்பது இதனால் பெறப்படும். எனினும் அவர் அதனை இலத்தீன் செயப்பாட்டின் ஈடாக மட்டுமே நோக்கினார்.

அடுத்த பெரும் முன்னேற்றம் அமெரிக்கக் கண்டத்தில் நிகழ்ந்தது. கராகாஸ் நகரில் 1781-இல் பிறந்து, சிலியில் வாழ்ந்து, சிலிப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராகப் பணியாற்றிய ஆந்த்ரேஸ் பெயோ, அமெரிக்க நாட்டினருக்கென எழுதிய காஸ்தீலிய இலக்கணத்தை 1847-இல் வெளியிட்டார். உண்மையான தற்சுட்டு அமைப்புகளிலிருந்து, வடிவால் மட்டும் தற்சுட்டாக அமைந்தவற்றை அவர் பிரித்து, பின்னவற்றைத் ‘தற்சுட்டுப் போலி’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கினார். அவற்றில் தற்சுட்டு சொல்லுறுப்புகளோடு நின்றுவிடுகிறது. பொருளைச் சென்று தொடுவதில்லை என்பது அவர் கருத்தின் சாரம். வடிவத்தின் பெயரால் பொருளை அளக்கலாகாது என்னும் இந்நெறியே பெயோவின் தனிப்பங்களிப்பு. ஒரு வினை ‘சே’, ‘மே’ போன்றவற்றை ஏற்கிறது என்ற அளவில் மட்டும் கூறும் ‘பெயரொட்டு வினை’ என்னும் கருத்தில் அமைந்த சொல்லை இன்றைய ஸ்பானிய இலக்கணங்கள் பெரிதும் ஆள்வதும் இந்நெறியின் தொடர்ச்சியே.

7. தமிழ் ஒப்புமையும் கலைச்சொல்லும்

தமிழில் ‘தான்’ ஒருமைக்கும் ‘தாம்’ பன்மைக்கும் உரியன எனத் தொல்காப்பியப் பெயரியல் வகுக்கிறது. இவை எழுவாயாகவும் வருவன. எண் வேறுபாடு உடையன. இவ்விரு இயல்புகளும் ‘சே’க்கு இல்லை. ஆகவே ‘சே’யைத் ‘தன்னைத்தான்’ என்று பெயர்ப்பது எப்போதும் பொருந்தாது. ‘சே லாவா லாஸ் மானோஸ்’ என்பதை எந்தத் தமிழரும் ‘தன் கைகளைத் தானே தனக்குக் கழுவுகிறான்’ என்னார். ‘கைகளைக் கழுவிக்கொள்கிறான்’ என்பார்.

செயற்பாட்டில் ‘சே’க்கு நெருங்கியது ‘கொள்’ என்னும் துணைவினையே. ‘வெட்டிக்கொண்டான்’ என்பது தற்சுட்டு. ‘இருவரும் அடித்துக்கொண்டார்கள்’ என்பது பரிமாற்றம். ‘கதவு மூடிக்கொண்டது’ என்பது செய்வோன் இல்லா நிலைமாற்றம். ‘சே’ கடந்துவந்த வழியின் முதல் மூன்று படிகள் இவற்றில் தெளிவாக உள்ளன. ‘எடுத்தல், பெறுதல்’ எனப் பொருள்படும் முழுவினையிலிருந்து தமிழும், பெயரிலிருந்து ஸ்பானியமும் புறப்பட்டு ஒரே பொருட்களத்தை அடைந்துள்ளன. ஆனால் ‘கொள்’ செயப்பாட்டையும் பொது எழுவாயையும் எட்டவில்லை. தமிழில் செயப்பாட்டுக்குப் ‘படு’ உண்டு. நிலைமாற்றத்தையும் தமிழ் பெரும்பாலும் ‘உடைந்தது, உடைத்தான்’ என்பதுபோல் வினையின் வடிவ வேறுபாட்டாலேயே உணர்த்துகிறது. ஸ்பானியம் ‘ரொம்பேர்’, ‘ரொம்பேர்சே’ எனச் ‘சே’யால் உணர்த்துகிறது. செயப்பாட்டுக்குரிய பழைய வடிவத்தை இழந்த மொழியில் ‘சே’ மிகுதியாக விரிந்தது. அவ்விடம் ஏற்கெனவே நிரம்பியிருந்த மொழியில் ‘கொள்’ அங்குச் செல்ல வேண்டிய தேவை எழவில்லை எனக் கருத இடமுண்டு.

இவ்வினைகளைத் தமிழில் ‘தன்வினை’ என்று குறிப்பது குழப்பம் விளைவிக்கும். தமிழ் இலக்கண மரபில் தன்வினை என்பது பிறவினைக்கு எதிரானது; ‘திருந்தினான்’ தன்வினை, ‘திருத்தினான்’ பிறவினை. அது தற்சுட்டைக் குறிப்பதன்று. ‘தற்சுட்டு வினை’ என்பதும் பெயோ சுட்டிய அதே குறையை உடையது. எனவே வடிவத்தைக் குறிக்கச் ‘பெயரொட்டு வினை’ எனவும், பொருள் பொருந்தும் இடத்தில் மட்டும் ‘தற்சுட்டு’ எனவும் இரு கலைச்சொற்களைப் பிரித்து ஆளுதல் நன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஸ்பானியச் ‘சே’யின் பல பொருள்கள் ஒழுங்கற்ற தொகுப்பல்ல என்பது புலனாகிறது. இலத்தீன் ரகர வடிவங்களின் மறைவு அதற்கு இடமளித்தது. உயிரற்ற எழுவாய்கள் அதனைச் செயப்பாட்டுக்கு இட்டுச்சென்றன. மக்களைக் குறிக்கும்போது எழுந்த மயக்கம் பொது எழுவாய் அமைப்பைத் தோற்றுவித்தது. இட மாற்றம் அதனை வினையோடு பிணைத்தது. ‘சே லோ’வில் வரும் ‘சே’ மட்டும் வேற்று மூலத்தது. ஒவ்வொரு படியிலும் பழைய பொருள் அழியாமல் புதியது அதன்மேல் படிந்ததனாலேயே இன்று எல்லாப் பொருள்களும் ஒருங்கே வழங்குகின்றன. தமிழ்வழி ஸ்பானியம் கற்பிப்போர் ‘லவார்சே’யில் தொடங்கி ‘கழுவிக்கொள்’ என்பதனோடு இணைத்து, பின் இவ்வரலாற்று வரிசையில் செயப்பாட்டையும் பொது எழுவாயையும் அறிமுகப்படுத்தின், கற்போர் ‘தன்னைத்தானே’ என்னும் ஒரே சொல்லால் எல்லாவற்றையும் பெயர்க்க முனையும் இடர்ப்பாடு பெருமளவு குறையும். ‘கொள்’ துணைவினையின் பொருள்விரிவைத் தமிழ் இலக்கியங்களின் காலவரிசையில் ஆராய்ந்து இவ்வரலாற்றோடு ஒப்பிடுதல் மேலும் ஆய்வுக்குரியது.